சொந்தக்காரர்கள் மட்டும்

ஸ்டேஷனுக்கு இறங்கும் சாலையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

டிரைவர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "எல்லாரும் சாதாரணமா இருங்க. நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கில்ல பாப்பா?"

எட்டு வயதுப் பாப்பா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஏரியும் அருவியும் பார்க்க வருகிறவர்களை ஸ்டாண்டு வண்டிதான் ஏற்ற வேண்டும் என்பது டாக்ஸி சங்கம் போட்ட சட்டம். வாடகையும் அவர்கள் வைத்ததுதான். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் வந்ததற்கு ஆன செலவைவிட, ஸ்டேஷனிலிருந்து ஏரிக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்கு அதிகம் அழ வேண்டும். பேரம் பேசினால் அடுத்த வண்டிக்காரன் அதே தொகையைச் சொல்வான். அதற்கடுத்தவன் சிரிப்பான்.

வெளி வண்டி பிடிபட்டால் ஆளையும் பெட்டியையும் நடுரோட்டில் இறக்கிவிடுவார்கள். வண்டிக்குச் சங்கிலி போடுவார்கள். சீசன் முடிகிற வரைக்கும் அது ஸ்டாண்டுக்குப் பின்னால் வெயில் காயும், வண்டிக்காரன் வீடு பட்டினி காயும்.

ஒரே ஒரு சலுகை உண்டு. சொந்தக்காரர்கள் என்றால் விட்டுவிடுவார்கள்.

அதனால் டிரைவருக்கு இரண்டு வருடமாக வாரத்துக்கு ஒரு தங்கை, ஒரு மச்சான். மச்சானை முன்சீட்டில் உட்காரவைப்பார். தங்கை மடியில் ஒரு காய்கறிப் பையைக் கொடுப்பார். "ஜன்னல் வழியா வேடிக்கை பாக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். காசு கொடுத்து வருகிறவன்தான் வேடிக்கை பார்ப்பான், சொந்தக்காரன் தூங்குவான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இந்த வாரத் தங்கை முதல் நாளிலிருந்தே அவரை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். நான்கு நாளும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் அவருக்குத்தான் நீட்டினாள்.

கயிற்றடியில் நான்கு பேரோடு சங்கச் செயலாளரே நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில்.

அவரைப் பார்த்ததும் டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் நிற்கிற நாளில் ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்பார், கயிறு இறங்கிவிடும். இத்தனை நாளும் அப்படித்தான்.

செயலாளர் ஜன்னலில் குனிந்து பாப்பாவிடம் அத்தை பேரைக் கேட்டார். பாப்பா டிரைவரின் மனைவி பேரைச் சொன்னாள். மாமா எந்தக் கையால் சாப்பிடுவார் என்று கேட்டார். "இடது கை. எங்கம்மாகூடத் திட்டுவாங்க" என்றாள். இது யாரும் சொல்லிக்கொடுக்காதது. நான்கு நாளாக அவளே பார்த்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவன் சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்க்கப் போனான்.

செயலாளர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"உங்க மாமாகூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

பாப்பா கண்ணாடியில் டிரைவர் முகத்தைத் தேடினாள். பிறகு தானாகவே, பட்டென்று சொன்னாள்:

"எங்கம்மா மட்டும்தான்."

கெட்டிக்காரக் குழந்தை. வேறு யார் கேட்டிருந்தாலும் தப்பித்திருக்கலாம்.

"தப்பு" என்றார் செயலாளர், தன் ஆட்களைப் பார்த்து. "இவனுக்கு ஒரு அண்ணன் இருக்கான். நான் விசாரிச்சு வெச்சிருக்கேன். சங்கிலியை எடு."

சங்கத்துக்குள்ளேயே யாரோ வெளி வண்டிக்குக் கண் ஜாடை காட்டுகிறார்கள் என்று இரண்டு நாளாக ஸ்டாண்டில் ஒரே பேச்சு. அடுத்த வாரம் தேர்தல் வேறு. செயலாளர்னா இப்படி இருக்கணும் என்று ஒருவன் விசிலடித்தான்.

அண்ணன் இருப்பதை டிரைவர் எந்தப் பயணிக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதே அண்ணன்தான். வண்டி வாங்கிக்கொண்டு வா, ஸ்டாண்டில் சேர்த்துவிடுகிறேன் என்று ஊரிலிருந்து வரவழைத்ததும் அவர்தான். வந்த பிறகு, கொஞ்ச நாள் வெளியில் ஓட்டு, என் பேரை மட்டும் எங்கேயும் எடுத்துவிடாதே, என் பதவிக்கு ஆபத்து என்றார். டிரைவர் எடுக்கவில்லை. இரண்டு வருடம் ஒரே ஊரில் இருந்தும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் எதிரே வந்தால் யாரோ போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

எதைக் கேட்டால் குழந்தை மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு வார்த்தை போதும். டிரைவரின் தொண்டை வரைக்கும் அது வந்தது. சொன்னால் பதவியும் போகும், அண்ணன் வண்டியும் போகும், அந்தப் பிள்ளைகள் சோற்றுக்கு நிற்கும். பாவி, இதையும் கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கிறான் என்று நினைத்தபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

சாவியைக் கொடுத்தார்.

அதற்குள் ஸ்டாண்டு வண்டி ஒன்று பின்னால் வந்து நின்று, பெட்டிகள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. பாப்பாவின் அப்பா மறுபேச்சு பேசாமல் கேட்ட வாடகைக்குத் தலையாட்டினார். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

பாப்பா மட்டும் திரும்பி ஓடிவந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"நான் தப்பா சொல்லிட்டேனா மாமா? உங்களுக்கு நிஜமாவே அண்ணன் இருக்காரா?"

டிரைவர் குனிந்து அவள் முகத்தைத் துடைத்தார். மூன்றடி தள்ளி நின்றவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"இல்லடா கண்ணு. நீ சொன்னதுதான் சரி. உங்கம்மா மட்டும்தான்."