மாடிக்குப் போன கிளை

"அண்ணே, இன்னைக்கு ஒண்ணு அந்தக் கிளை போகணும், இல்லன்னா மாடி வீட்டம்மா போகணும். எதுன்னு நீயே சொல்லு."

கையில் ரம்பத்தோடு வந்து நின்ற தங்கையைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்குக் குடித்த டீ புரையேறியது. எப்பேர்ப்பட்ட பூட்டையும் ஒரு கம்பியை வைத்துத் திறந்துவிடுகிறவர்தான் அவர். தங்கையின் வாய்க்கு மட்டும் இதுவரை ஒரு பூட்டு செய்ய முடிந்ததில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கொஞ்ச நாளாகப் போனை எடுத்தாலே அண்ணன் இதே புலம்பல்தான். கொல்லையில் கண்ணும் கருத்துமாக வளர்த்த சீமை அத்தி, மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் பால்கனிக்குள் ஒரு கிளையை நீட்டிவிட்டதாம். உருப்படியான பழமெல்லாம் அந்தக் கிளையில்தானாம். காம்பு தொய்ந்து, தோல் லேசாக வெடித்து, பழத்தின் அடியில் ஒரு சொட்டுத் தேன் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அந்தம்மா பொறுமையாகக் காத்திருந்து பறித்துவிடுகிறாராம். காயாகப் பறித்தால் அத்தி அப்புறம் பழுக்காது என்கிற விவரம்கூடத் தெரிந்த திருட்டு என்று அண்ணன் அங்கலாய்த்தார்.

தங்கைக்கு வயிறு எரிந்தது. அண்ணி இறந்து போன பிறகு அண்ணன் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களை அவள் மறக்கவில்லை. அந்த அத்திக் குச்சியை நட்டுத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் மனுஷன் மறுபடி நாலு வார்த்தை பேசினார். அவருக்கு இருக்கிற ஒரே பிடிப்பு அந்த மரம். அதிலும் ஒருத்தி கைவைத்தால் இவள் சும்மா இருப்பாளா?

"காய் இருக்கும்போது வெட்டக் கூடாதும்மா" என்றார் பூட்டுக்காரர். "இலையெல்லாம் கொட்டின பிறகுதான் கவாத்து பண்ணணும்."

"சரி, அப்ப வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடறேன்."

"சேச்சே, நல்ல குடித்தனம்."

"பழத் திருடின்னு போன்ல சொன்னது யாரு?"

"பழ விஷயத்துல மட்டும்தான் அப்படி" என்று முனகினார். மாடியில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

அண்ணன் இளகின மனசுக்காரர், அந்தம்மா நன்றாக மிரட்டி வைத்திருக்கிறார் என்று தங்கை முடிவு கட்டினாள். பேச்சு வாக்கில் அவர் சட்டையைப் பார்த்தவளுக்கு அடுத்த எரிச்சல். பிறந்தநாளுக்கு அவளே தேடி எடுத்த நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை இப்போது அரைக்கைச் சட்டையாக இருந்தது. ஓரம் மட்டும் இம்மி பிசகாமல் மடித்துத் தைத்திருந்தது.

"கை எங்க போச்சு?"

"வேர்க்குதுன்னு வெட்டிட்டேன்" என்றார், மோட்டைப் பார்த்துக்கொண்டே.

"நல்ல துணிக்குக்கூட இந்த வீட்டுல மரியாதை இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ரம்பத்தோடு படியேறினாள். பூட்டுக்காரர் பின்னாலேயே வந்தார், ஆனால் முதல் படியோடு சரி. மூட்டுவலி வந்ததிலிருந்து அவர் மாடிப்பக்கம் ஏறியதே இல்லை. "சொன்னா கேளும்மா" என்று கீழே நின்று கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். ரம்பத்தைப் பார்த்தும் அசராமல், முந்திக்கொண்டு அவரே புகார் படித்தார். இலையைக் கிள்ளினால் வடிகிற பால் பட்டுக் கை அரிக்கிறதாம். தைக்க வந்த துணியெல்லாம் கறையாம். போதாததற்கு அணில் வேறு வருகிறதாம்.

"தானா வந்து நுழையிற கிளைக்கு நான் என்னங்க பண்றது? உங்க அண்ணன் என்னடான்னா தினமும் கீழ நின்னு சண்டைக்கு வர்றாரு."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வெட்டிடறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

தையல்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "இப்பவேவா? ஒரு வாய் டீ குடிச்சிட்டு..." என்று வழியை மறித்தார். தங்கை அவரை நாசூக்காக விலக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

கிளை கம்பித் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்து, சொந்த வீடு மாதிரி சாய்ந்து கிடந்தது. உள்ளங்கை அகல இலைகளுக்கு நடுவே ஒரு பழம் பழுத்துத் தலை தொங்கியிருந்தது. கீழே அண்ணன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

தங்கை ரம்பத்தை வைக்க வாகாக இலைகளை ஒதுக்கினாள். ஒதுக்கிய கை அப்படியே நின்றது.

கிளை தானாக வரவில்லை. அதன் கழுத்தில் ஒரு கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் மறுமுனை பால்கனிக் கம்பியில், உள்பக்கமாக இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. கீழே நின்று கிளையைத் தள்ளிக்கொடுக்க ஒருவரும், மேலே நின்று இழுத்துக்கட்ட ஒருவரும் இல்லாமல் அது நடந்திருக்காது. கயிறு அறுத்துப் பட்டை காயப்படக் கூடாதென்று, கிளைக்கு ஒன்று கம்பிக்கு ஒன்றாக, ஓரம் அடித்த துணியை மெத்தை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட துணி. பொத்தான்கூடப் பிய்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

தங்கை ரம்பத்தைக் கீழே வைத்தாள். லேசாகத் தொய்ந்திருந்த கயிற்றை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டிவிட்டு எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, அடுத்த பிறந்தநாளுக்கும் முழுக்கைச் சட்டையே எடுத்துத் தரேன்."