ஃபேன் யார் பக்கம்

கடைக்காரர் இன்னொரு மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தாள்.

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். நிஜமாகவே மூடிக்கொண்டு நிற்பவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஓவர்க்ளாக் பண்ணத்தானே மேடம்? இதை எடுங்க. லைட்டு போட்டா ரூமே ஜொலிக்கும்."

"லைட்டு கிடக்கட்டும். பட்டனெல்லாம் போர்டுமேலயே இருக்கணும், விரலுக்குத் தட்டுப்படணும். ஏதாவது தப்பாச்சுன்னா பீப் சத்தம் வரணும்."

கம்ப்யூட்டர் பிராசஸரை அதன் சக்திக்கு மேல் விரட்டி வேலை வாங்குவதில் அவள் அண்ணன் ஒரு பைத்தியம். வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பியிருக்கும். அண்ணன் வேகத்தைக் கூட்டக் கூட்ட, திரையில் ஏறும் சூட்டை அவள் உரக்கப் படிக்க வேண்டும். வீட்டில் அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

"பெத்தவங்க இங்க வேகுறோம், பொட்டிக்குக் காத்தா?" என்று அப்பா கத்துவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். போர்டு புகைந்து போனது. வீடு எழவு வீடு போல ஆகிவிட்டது.

அப்பாவே போய் புதுசு வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் வேகத்தைக் கூட்ட வழியே இல்லாத போர்டு! அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அடடா, என்ன நாட்கள் அவை!

இப்போது அண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் போயே மூன்று வருஷம் ஆகிறது. கேட்டால், அதெல்லாம் முடிஞ்சு போச்சு, விடு என்பான். அவளால் விட முடியவில்லை. இதையும் அவன் வேண்டாம் என்றுவிட்டால் வேறு எதைக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டுவாள்?

பிராசஸர் உட்காரும் இடத்தைச் சுற்றி, சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்கை ஆட்டிப் பார்த்தாள். சும்மா ஒட்டியதில்லை, ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தது. மூலையில் மேடாக மூன்று பட்டன்கள். கூட்டிய வேகம் ஒத்துவராவிட்டால் பழையபடி ஆக்குவதற்கும் அதில் ஒன்று இருந்தது.

"இதையே கட்டுங்க" என்றாள்.

வீட்டில் அப்பா ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தான். போர்டை அவன் மடியில் வைத்தாள்.

"எதுக்குடி வாலு இதெல்லாம்?" என்றான். ஆனாலும் எடுத்து முகர்ந்து பார்த்தான். புதுப் போர்டை முகர்ந்து பார்ப்பது அவனுடைய பழைய வழக்கம்.

பிறகு அவன் விரல்கள் ஹீட்சிங்கை ஆட்டிப் பார்த்தன. மெதுவாக மூலைக்குப் போய் நின்றன.

"பட்டன் மூணா?"

அவள் தலையை ஆட்டினாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மூணுதாண்ணா" என்றாள்.

அண்ணன் பக்கத்தில் சாய்த்திருந்த வெள்ளைக் கோலைத் தடவி எடுத்து, மடக்கி ஓரமாக வைத்தான்.

"நீ முன்ன மாதிரியே சூட்டைப் படி" என்றான்.

அப்பா எழுந்து வந்து, ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டார்.