மைக்கில் தேவசேனா

அலிபிரி மலையடிவாரத்து ஒலிபெருக்கி மூன்றாவது முறையாகத் தேவசேனாவைக் கூப்பிட்டது. முதலில் தெலுங்கில், பிறகு தமிழில்.

யமுனாவுக்கு அந்தச் சத்தத்தில் நம்பிக்கை இல்லை. ஆறு வயது மகளுக்குக் காதில் மிஷின் இருக்கிறதுதான். ஆனால் இத்தனை கூட்டத்தில் அதில் இரைச்சல் விழுமே தவிர, பெயர் விழாது.

பத்து இருபதுக்கு மகளின் கையை விட்டாள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு நிமிர்வதற்குள் பிள்ளையைக் காணோம். இப்போது மணி பதினொன்று ஐந்து. தேடிப் போன புருஷன் உமாபதியும் இன்னும் திரும்பவில்லை.

"ஏம்மா, பாப்பாவ யாராவது கேட்டா பேரு சொல்லுதா?" என்றார் உதவி மைய மேஜையில் இருந்த கான்ஸ்டபிள் ஹரிபாபு.

"சொல்லும் சார். ஆனா என்னத் தவிர யாருக்கும் புரியாது."

சித்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்காக ஒரு வருஷமாய் வாரம் தவறாமல் கூட்டிப்போகிறாள். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, வாய்க்கு நேரே காகிதத் துண்டைப் பிடித்து, தொண்டையில் விரலை வைத்து எல்லாம் பார்த்தாயிற்று. 'ப' வந்துவிட்டது. 'ச'வும் 'ட'வும் இன்னும் 'த'வாகத்தான் வருகின்றன. பாலசமுத்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அவள் பேச்சு பிடிபடாது.

ஒலிபெருக்கி கரகரத்தது. இந்தத் தடவை வேறு குரல். படிக்கட்டுப் பக்கத்துக் கௌண்டரில் ஒரு பெண் குழந்தை நிற்கிறதாம். எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதாம்.

யமுனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கை அந்தக் குழந்தையின் வாயருகே கொண்டுபோயிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் மலையடிவாரம் முழுக்கக் கேட்டது.

"பேத மாத்தே. ம்மா... தித்தும்."

"இது எந்த ஊரு பாஷடா, சைனாவா?" என்றான் வரிசையில் ஒருவன். பத்துப் பேர் சிரித்தார்கள்.

யமுனாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. பேச மாட்டேன். அம்மா திட்டும்.

காலையில் பஸ் ஏறும்போது, மகளின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி அவளேதான் சொன்னாள். அங்க வந்து வாயத் தொறந்த, தெரியும் சேதி. எல்லாரும் சிரிப்பாங்க.

ஹரிபாபு எழுந்துவிட்டார். "உங்க பாப்பாதானா? இன்னா சொல்லுது, செப்பும்மா."

"என்னத்தான் சார் கூப்பிடுது" என்றாள் யமுனா, ஓடிக்கொண்டே.