பீடத்தின் முன்னால் குழிகள்

அந்த வளைகுடா நாட்டுத் தீவில் இடுப்பளவுச் சுவர்கள்தான் மிச்சம். ஆனால் படகிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வாசலிலேயே கணினிக் காட்சி தெரியும் ஒரு மூக்குக் கண்ணாடி தருவார்கள். அதைப் போட்டதும் ஆதி கிறிஸ்தவத் துறவிகளின் மடம் கூரையோடு எழுந்து நிற்கும். விளக்குகள் எரியும். துறவிகள் வரிசையாக நடப்பார்கள்.

அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் கஸ்பாருக்கு அந்த அழகு இன்னும் அலுக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மனைவி சலேத்துக்கும் ஒரு கண்ணாடி கொடுத்து, தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதைக் காட்டினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, எதிரே வந்த துறவிக்கு ஒதுங்கி வழிவிட்டாள்.

கஸ்பார் கையில் சிமெண்டுச் சாந்து வாளி இருந்தது. கண்ணாடியில் தரை சமமாகத் தெரிவதால், பீடத்தின் முன்னால் இருக்கும் குழிகளில் பயணிகள் தடுக்கி விழுகிறார்கள். இன்றைக்கே அடைத்துவிடச் சொல்லி உத்தரவு.

அதற்குள் சலேத்து பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டாள். சட்டென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையைத் தடவினாள்.

"என்னங்க, என் முட்டு ரெண்டும் இதுல அப்படியே பொருந்துது!"

"கல்லு உடைஞ்சிருக்கும் புள்ள. தள்ளு, சாந்து இறுகிரும்."

"உடைஞ்ச கல்லு இப்படி வழவழன்னா இருக்கும்? எத்தன பேரு, எத்தன காலம் முட்டங்கால் போட்டாவளோ!"

கஸ்பாரும் கண்ணாடியைக் கழற்றினான். கூரை, விளக்குகள், துறவிகள் எல்லாம் மறைந்தன. வெயிலில் தரை மட்டும் கிடந்தது. குனிந்து தடவினான். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் குழி. அதற்கப்பால் இன்னொன்று.

அவனும் முழந்தாளிட்டான். வாளியில் சாந்து இறுகிக்கொண்டிருந்தது.