அறுபட்ட இரண்டு வரிசை

முதல் வருஷம், கதிரிலிருந்து விதை உதிர்க்கும் மெஷினை வெளியிலிருந்து கொட்டகைக்குள் தள்ளினார் முதலாளி. இரண்டாம் வருஷம், தூசி தன் காரில் படிகிறதென்று கொட்டகை ஜன்னலை அடைத்தார். மூன்றாம் வருஷம், இருமிய பெண்களை வீட்டில் போய் இருமச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான்காம் வருஷம் நாங்கள் அரிவாளைக் கீழே வைத்தோம்.

துடைப்பச் சோளத்தைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். விதை முற்றினால் கதிர் ஒடியும். துடைப்பம் கட்ட ஆகாது. இன்னும் நான்கு நாள் தாக்குப்பிடித்தால் அவர் ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். அதற்குள் அறுப்பவரின் பெயரைக் கூட்டத்தில் வாசித்து, சங்கத்தை விட்டு நீக்குவது என்று தீர்மானம் கொண்டுவந்தவன் தலைவனான நான்.

மறுநாள் காலை இரண்டு வரிசை அறுபட்டுக் கிடந்தது.

பார்த்தவர் வயல் காவல்காரர் ஒருவர்தான். எங்கள் சங்கத்து ஆள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவுக்கு விலை போனார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் அவர் சட்டையையே பிடித்தேன்.

"விடுங்கண்ணே. போராட்டம் ஜெயிச்சா போதாதா? பேரு எதுக்கு?"

"பேரு வேணும். என்னைப் பெத்தவளா இருந்தாலும் வாசிப்பேன்."

"வாசிப்பீங்க. அதான் பயமா இருக்கு."

கடைசியில் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, என் கையில் வைத்தார். கொட்டகையில் நாற்பது பேர் நின்றார்கள். பிரித்தேன். அவர் எழுதியிருந்தது தன் பெயரையே.

அரிவாள் பிடிக்கத் தெரியாத மனுஷர்.

வரிசை அறுபட்டுக் கிடந்த அன்று காலை வயலுக்கு முதலில் போனவன் நான். தட்டைகளில் வெட்டு இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. எங்களில் இடக்கையால் அறுப்பவள் ஒருத்திதான். தன்னை வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள் என்று ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தவள். மற்றவர்கள் வருமுன் அந்தத் தட்டைகளை நேராகச் சீவிவிட்டவனும் நான்தான்.

காவல்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், எழுதியதை வாசியுங்கள் என்பதுபோல.

சீட்டை உயர்த்திப் பிடித்தேன். அதில் இல்லாத இரண்டு பெயர்களை வாசித்தேன். என் மனைவியின் பெயரை ஒரு தரம். அப்புறம் என் பெயரை, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.