மாலை போட ஒரு படம்

"என் வீட்டுக்காரர் இதுக்குள்ளதான் இருக்காரு, தம்பி. எப்படியாச்சும் வெளிய எடுத்துக் குடுங்க."

துண்டில் சுற்றித் தூக்கி வந்த கணினிப் பெட்டியை மேசைமேல் இறக்கி வைத்தாள் கலாதேவி. வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. சிலிபின் வட்டாரத்தில் பத்து வருடமாகக் கணினி பழுது பார்க்கும் லயனலுக்கு, இப்படி ஒரு வேலை வந்தது இதுதான் முதல் தடவை.

"போட்டோவாக்கா?"

"ஆமா. ஒன்னு கெடச்சாப் போதும். நாளைக்கு எம் மக தினேஸ்வரிக்குப் பரிசம். மாப்பிள்ள வீட்டுல பாகான் செராய்லேருந்து வாராங்க. அப்பா படம் செவத்துல மாலையோட இருக்கணும்லா."

பொண்ணு பார்க்க வந்தபோதே மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டாராம், சம்பந்தி படத்தைக் காணோமே என்று. கண்ணாடி உடைந்துவிட்டது, பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன் என்று கலாதேவி சமாளித்திருக்கிறாள்.

"ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு தம்பி. இது மூணாவது. இதையும் விட்டா அவ கல்யாணமே வேணாம்னு உக்காந்துருவா."

லயனல் மணியைப் பார்த்தான். நான்கு. பிரேம் கடை ஆறு மணிக்கு மூடும்.

பெட்டியை இணைத்து முடுக்கினான். உள்ளே காற்றாடி கரகரவென்று சுற்றியது. திரையில் புள்ளிகள் வட்டமாக ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு நீலத் திரையும் அழுமூஞ்சிப் பொம்மையும் வந்து, பெட்டி தானாக அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"வீட்டுலயும் இதேதான். ராத்திரி பூரா மக ஒக்காந்து பார்த்தா. அணைக்கிறதும் போடுறதும்தான் வேல."

"கடைசியா எப்பக்கா நல்லா ஓடிச்சு?"

"ரெண்டு வருசமாத் தொடவே இல்ல. மேசைக்கு அடியில கெடந்துச்சு."

மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, லயனல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினான். டிக்... டிக்... டிக்... என்றது அது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, பழைய ஆல்பம் எதுவும் இல்லையா? கல்யாண போட்டோகூடவா இல்ல?"

"எல்லாம் இருந்துச்சு. நாங்க வேல பார்த்த தோட்டத்தை மொதலாளி வித்து எங்கள வெளிய அனுப்பினப்ப, லயத்து வீட்டுக்குப் பின்னாடி போட்டு நானே கொளுத்திட்டேன். அப்ப இருந்த கோவம் அப்படி."

துக்கம் மனிதர்களை என்னென்னவோ செய்ய வைக்கும் என்று லயனல் நினைத்துக்கொண்டான்.

"பாவம். எப்பக்கா இது?"

"மகளுக்கு அப்பப் பதினாறு வயசு" என்றவள், திரையைக் காட்டிக் கேட்டாள். "அதென்ன தம்பி, மஞ்சளா என்னமோ வருது?"

தீபாவளி என்று பெயரிட்ட ஒரு கோப்புறை. லயனல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திறந்தான். படங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவதை அழுத்தினான்.

ஐந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. கூரைத் தகரம், வண்ணக் காகிதத் தோரணம், வாரி விட்ட தலைமுடி, மூன்று கோடு திருநீறு.

"அவருதான்! அவருதான் தம்பி!"

புருவம் வந்தது. அத்தோடு நின்றது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். டிஸ்க் ஒரு முறை பலமாகக் கிரீச்சிட்டு ஓய்ந்தது. கோப்புறையும் காணாமல் போனது.

லயனல் கழற்றினான், மாட்டினான். வேறு வயரில் போட்டான். தட்டிக்கூடப் பார்த்தான். இப்போது டிக் டிக் சத்தம்கூட இல்லை.

"ரோசாக் ஆயிருச்சுக்கா, கெட்டுப்போச்சு. உள்ள இருக்கிற தட்டையே ஊசி கீறிருச்சு. கே.எல். பட்டணத்துல இதுக்குன்னு லேப் இருக்கு. ஆனா ரெண்டு வாரம் ஆகும். அப்பயும் வரும்னு சொல்ல முடியாது."

"அந்த நெத்தி வரைக்கும் வந்துச்சே, அத மட்டும் பிரிண்ட் எடுக்க முடியாதா?"

"நெத்திக்கு மட்டும் எப்படிக்கா மாலை போடுவீங்க? அதுவும் இப்பப் போயிருச்சு."

கலாதேவி தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். அவளைப் பார்க்கவே லயனலுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவரு சொந்தக்காரங்ககிட்ட ஒரு படம் இருக்காதாக்கா? அண்ணன் தம்பி யாராச்சும்?"

"யாரும் எங்ககூடப் பேசுறதில்ல."

"அப்ப வேற வழியே இல்லக்கா. மன்னிச்சிருங்க."

அவள் அந்தச் செத்த டிஸ்க்கைத் தள்ளி வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கைப்பையிலிருந்து கைப்பேசியையும் ஒரு கசங்கிய காகிதத்தையும் எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் கூப்பிடுகிறாள், பரிசத்தைத் தள்ளி வைக்கப்போகிறாள் என்று நினைத்தான் லயனல்.

மணி நெடுநேரம் அடித்தது. "ஹலோ, யாரு?" என்ற ஓர் ஆணின் குரல் கடைக்குள் தெளிவாகக் கேட்டது.

கலாதேவி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கலாதான். நாளைக்கு நம்ம மகளுக்குப் பரிசம். நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், நல்ல போட்டோவா ஒன்னு அனுப்புங்க."