வலன்ரைன் காட்டிய சிக்னல்

மழை விட்ட கடுகண்ணாவை ரோட்டில் மாலை வெயில் மஞ்சளாய் வழிகிறது. தங்கை பேரனின் ஞானஸ்நான விருந்தில் குடித்த சாராயம் வலன்ரைனின் முகத்தில் இன்னும் சிவந்து நிற்கிறது. அவருடைய த்ரீவீல் ஆட்டோ தங்கை வீட்டு வாசலில் நிற்க, சாவி கூட நடக்கும் மனைவி பெற்றீசியாவின் கைப்பையில் இருக்கிறது. "ஓட்டினாத்தானே ஆபத்து? நடக்கிறவனுக்கு என்ன?" என்று நெஞ்சை நிமிர்த்தி, ரோட்டின் இடப்பக்கமாக, வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கிறார். பின்னாலிருந்து வந்த பஸ் அலறிக்கொண்டு அவர் சட்டையை உரசுவதுபோல் கடந்து போகிறது. பெற்றீசியா அவர் சட்டையைப் பிடித்து ஓரமாய் இழுக்கிறாள்.

"அந்தப் பக்கம் வாங்க. எதிர்ல வர்ற வண்டியாவது கண்ணுக்குத் தெரியும்."

"ரோங் சைட்லயா? இத்தன வருஷமா ஓட்டுறேன், ஒரு நாளும் போனதில்ல."

"இப்ப நீங்க த்ரீவீல் இல்லங்க. பின்னால லைட்டும் இல்ல, பிரேக்கும் இல்ல."

அவர் நின்று யோசிக்கிறார். அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. வண்டியில் செய்வதைப் போலவே வலது கையை விறைப்பாக நீட்டிச் சிக்னல் காட்டிவிட்டு, ரோட்டைக் கடக்கத் திரும்புகிறார். பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறியும் மரியாதையாக நின்றுவிடுகிறது. பெற்றீசியாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாய் முட்டுகின்றன. நீட்டிய அந்தக் கையை மடக்க விடாமல் இறுகப் பிடித்து அவரை ரோட்டின் மறுபக்கம் கூட்டிப்போகிறாள்.

"கைய விடேன், ஆளுங்க பாக்குறாங்க."

"சாவி நாளைக்கு. கை வீட்டுக்குப் போனதும்."